டெவஸ்டேட்டரின் பலம் உயரத்தில் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், திரைப்படங்களில் வரும் ராட்சத எந்திர வில்லன்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாகனங்கள் ரோபோக்களாக மாறும் டிரான்ஸ்பார்மர்ஸ் வரிசையின் டெவஸ்டேட்டருக்கு அதில் ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருந்தது. அதுவும் அதன் உருவத்தையும் கணினி வரைகலையையும் வியந்து பாராட்டுவதோடு நின்றுவிட்டது. பல எந்திரங்கள் ஒன்றுகூடி ஒரே உடலாகும் இந்த வில்லனின் உயிர்நாடி அதற்குள் அடைபட்டிருக்கும் தனித்தனி மனங்களே என்பதையும், 2009-இல் வந்த திரைப்படம் அதைத்தான் கைவிட்டது என்பதையும் சொல்லாமல் விடுவது முறையல்ல என்று கருதியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1984-இல் தொலைக்காட்சித் தொடரிலும் 1985-இல் பொம்மைகளாகவும் டெவஸ்டேட்டர் அறிமுகமானபோது, கன்ஸ்ட்ரக்டிகான்கள் எனப்படும் ஆறு கட்டுமான எந்திரங்கள் சேர்ந்து அதை உருவாக்கின. பொக்லைன் ஒரு கை, புல்டோசர் மறு கை, கிரேன் மார்பும் தலையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் இருந்ததைப் போலவே ஒவ்வொன்றுக்கும் ஒரு குணமும் இருந்தது. ஹூக் எதையும் பிழையின்றிச் செய்யும் வல்லுநன். அந்தத் திறமையாலேயே மற்றவர்களை மதிக்காதவன். ஸ்கேவெஞ்சர் தன்னால் ஏதோ பயனுண்டு என்று கூட்டாளிகளிடம் நிரூபிப்பதற்காகக் கண்ட இடத்திலெல்லாம் மண்ணைத் தோண்டிக்கொண்டே இருப்பவன். டிப்பர் லாரியாக மாறும் லாங் ஹாலுக்கோ, போர்க்களத்தில் நிற்க வேண்டிய தன்னைச் சுமை தூக்க வைத்துவிட்டார்களே என்ற தீராத மனக்குறை.

இப்படிப்பட்ட ஆறு பேர் ஓர் உடலுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் படைத்தவர்கள் கண்ட விடையை நான் இன்றும் வியக்கிறேன். ஆறு சிந்தனைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் டெவஸ்டேட்டரின் அறிவு சுருங்கிவிடுகிறது. அறுவருக்கும் உடன்பாடான ஒன்றை மட்டுமே அதனால் செய்ய முடியும். அந்த ஒன்று பெரும்பாலும் அழிப்பதாகவே இருக்கிறது. தனித்தனியே நுட்பமான கட்டடங்களை எழுப்பத் தெரிந்தவர்கள், கூடிய மாத்திரத்தில் இடிக்க மட்டுமே தெரிந்தவர்களாகிவிடும் அவலம் இதில் இருக்கிறது. குழந்தைகளுக்கான தொடர் ஒன்றில் இவ்வளவு கனமான எண்ணத்தை வைத்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மைக்கேல் பே இயக்கி 2009-இல் வந்த ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஃபாலன்’ படத்தில் இதற்குச் சிறிதும் இடமில்லை. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் கலைஞர்கள் 50,000-க்கும் மேற்பட்ட உறுப்புகளைக் கொண்டு அந்த உருவத்தை அமைத்தார்கள் என்பதும், ஐமேக்ஸ் எனும் பெருந்திரைக்கான காட்சிகளில் ஒரே ஒரு பிரேமைக் கணினி உருவாக்கி முடிக்க 72 மணி நேரம் வரை பிடித்தது என்பதும் உண்மை. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. கான்கிரீட் கலவை லாரியே தலையாகி, வாயைத் திறந்து பாலைவன மணலையும் வாகனங்களையும் சுழற்றி உள்ளிழுக்கும் காட்சியும், கைகளை ஊன்றி அது பிரமிடின் மீது ஏறுகையில் கற்கள் பெயர்ந்து சரியும் காட்சியும் எளிதில் மறக்கக் கூடியவை அல்ல.

ஆனால் ஏறுவது யார்? அந்த லாரிக்குள் இருப்பவனுக்குப் பெயர் இல்லை, கோபம் இல்லை, சக எந்திரங்களோடு ஒரு வார்த்தைப் பேச்சுகூட இல்லை. இதைவிட வருத்தம் தருவது, கலவை லாரி டெவஸ்டேட்டரின் தலையாக இருக்கும் அதே போரில், அதே கலவை லாரியாக மாறும் மிக்ஸ்மாஸ்டர் தனி எந்திரமாக வேறோர் இடத்தில் ஜெட்ஃபயர் என்ற எதிரணி ரோபோவோடு மோதி அழிவதுதான். ஒரே வடிவம் இரண்டு இடங்களில் நின்றால், ஒன்றுசேர்தல் என்பதற்கே பொருளில்லாமல் போகிறது. எதையும் இழக்காமல், எதையும் விட்டுக்கொடுக்காமல் உண்டான உடல் அது. அதனால்தான் போர்க்கப்பலிலிருந்து பாய்ந்து வரும் குண்டு அதைச் சிதறடிக்கும்போது பார்ப்பவருக்கு மகிழ்ச்சியோ வருத்தமோ எதுவும் தோன்றுவதில்லை.

படத்தையொட்டி வந்த பெரிய பொம்மையிலும் இதே குறை இருந்தது. அதன் வாகனங்கள் ஒன்றுசேருமே தவிர, தனித்தனி ரோபோக்களாக மாறா. பின்னாளில் அதே திரை வடிவத்தை எட்டுத் தனிப் பொம்மைகளாக, ஒவ்வொன்றும் தானே ஒரு ரோபோவாகும்படி மறுபடி வெளியிட்டார்கள். விரும்பிச் சேகரிப்பவர்கள் எதற்காக ஏங்கினார்கள் என்பதைப் பொம்மை செய்தவர்கள் புரிந்துகொண்ட அளவுக்குக்கூடத் திரைக்கதை எழுதியவர்கள் புரிந்துகொள்ளவில்லை.

இந்த வரிசையில் இனியும் படங்கள் வரும். டெவஸ்டேட்டரும் என்றாவது திரும்பி வரக்கூடும். அப்போது விமர்சனம் எழுதுபவர்கள் அது எத்தனை மாடி உயரம் என்பதோடு, அதற்குள் இருப்பவர்கள் யார், சேர்வதற்கு முன் அவர்களைப் படம் நமக்குக் காட்டியதா என்பதையும் கேட்டு எழுத வேண்டுகிறேன். இயன்றால், ஞாயிறு இணைப்பிலேயே இந்த அறுவரைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டால் இளம் வாசகர்கள் பெரிதும் மகிழ்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்