பாதிப்பு இல்லை என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் உளவியல் சோதனைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1939-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அநாதை இல்லக் குழந்தைகளிடம் நடந்த சோதனையை விவரித்துவிட்டு, 'எவருக்கும் திக்குவாய் வரவில்லை, ஆகவே பாதிப்பு ஏதுமில்லை' என்று முடித்திருக்கிறீர்கள். அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

அயோவா பல்கலைக்கழகத்தில் பேச்சுக் குறைபாடுகளை ஆராய்ந்த வெண்டல் ஜான்சனின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி செய்த ஆய்வு அது. 22 குழந்தைகள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், உனக்குத் திக்குகிறது, சரியாகச் சொல்ல வராவிட்டால் பேசாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிள்ளைகள் வாய் திறக்கவே கூசினார்கள். அது பாதிப்பில்லையா? 2001-இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டதும், 2007-இல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீட்டுக்கு ஒப்புக்கொண்டதும் தாங்கள் அறியாதவை அல்லவே.

என் மகன் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் படித்தான். 'உள்ளேன் ஐயா' என்பதில் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். வகுப்பே சிரிக்கும். திக்காமல் சொல்லும்வரை உட்காராதே என்பார் ஆசிரியர். பிறகு அவன் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்கினான். பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தார்கள். ஆண்டு முடிவில் 'அமைதியான மாணவன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். இன்று அவனுக்கே பிள்ளை இருக்கிறது. பழங்காநத்தத்தில் இறங்க வேண்டியவன், அந்தப் பெயர் வாயில் வராது என்று மாட்டுத்தாவணிக்கு டிக்கெட் எடுக்கிறான்.

தங்கள் சிறுவர் பகுதியில் திக்கிப் பேசும் பையனை வைத்துத் துணுக்குகள் வந்தபோதும் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. இந்தக் கட்டுரையிலும், 1920-இல் அமெரிக்க உளவியலாளர் வாட்சன், வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்து, அந்த எலியைக் கண்டாலே அலற வைத்த குழந்தை ஆல்பர்ட்டுக்குப் பெரிய படம் போட்டீர்கள். அந்தப் பயத்தைப் போக்காமலேயே அவனை அனுப்பிவிட்டார்கள் என்பதற்கு ஒரு வரி இடமில்லை. முப்பது ஆண்டு வாசகி என்ற உரிமையில் கேட்கிறேன்: கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைகள் என்றால் அவ்வளவுதானா?

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்றும், மன்னிப்பும் இழப்பீடும் நடந்தன என்றும் வெளியிடுங்கள். இரண்டு வரி போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.