அர்செனாலே வாசல் சிங்கங்களைக் கூரைக்குள் கொண்டுபோங்கள்

வெனிஸ் நகரின் பழைய கப்பல் கட்டும் தளமான அர்செனாலேயின் வாசலைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

"கிரேக்கச் சிங்கங்களைக் கிரீஸுக்கே திருப்பிக் கொடு" என்ற கடிதம் இன்னொன்று வந்துவிட்டது என்று ஓரம் கட்டிவிடாதீர்கள். அந்த வழக்கில் நான் கிரேக்கர்கள் பக்கம்தான், ஆனால் அது இரண்டு அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது, எத்தனை வருஷம் இழுக்குமோ. நான் கேட்பது அதைவிடச் சின்னது: வாசலில் மழையிலும் உப்புக்காற்றிலும் இருக்கும் பழைய கிரேக்கச் சிங்கங்களைக் கூரைக்குள் கொண்டுபோங்கள்.

பிரேயஸ் சிங்கத்தின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் பளிங்கு, சுமார் 3 மீட்டர் உயரம், பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் அது அவ்வளவு காலம் இருந்ததால் இத்தாலிய மாலுமிகள் அந்த இடத்தையே போர்ட்டோ லியோனே, அதாவது சிங்கத் துறைமுகம் என்றார்கள். 1687இல் ஏதென்ஸின் பழைய கோயிலான பார்த்தனான் மீது குண்டு போட்ட வெனிஸ் தளபதி மொரொசினியின் படைதான் இதையும் கப்பலில் ஏற்றி வந்தது. சிறகு வைத்த சிங்கத்தைக் கொடியில் வைத்திருக்கும் ஊருக்கு ஊரார் சிங்கத்தின் மேலும் ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை.

என் கவலை அதன் தோள்கள். 11ஆம் நூற்றாண்டில் அந்தத் துறைமுகத்துக்கு வந்த ஸ்காண்டிநேவியர்கள், பைசாந்தியப் பேரரசனிடம் கூலிக்குப் போரிட்டவர்களாக இருக்கலாம், இரண்டு தோளிலும் பாம்பு போல வளையும் பட்டைகளுக்குள் ரூன் என்ற தங்கள் பழைய வடநாட்டு எழுத்துகளைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். கிரேக்கச் சிற்பத்தில் வடக்கத்திய வீரனின் கிறுக்கல், அதுவும் இத்தாலியில்! 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓகர்பிளாட் என்ற ஸ்வீடன் தூதரக அதிகாரிதான் அது என்ன எழுத்து என்று கண்டுகொண்டார். அதற்குள்ளேயே பாதி தேய்ந்துபோயிருந்தது. அப்புறம் வந்த அறிஞர்கள் ஆளுக்கொரு விதமாகப் படித்தார்கள், காரணம் படிக்க மிச்சமிருப்பது அவ்வளவுதான். சிலையின் உருவம் இன்னும் பல நூற்றாண்டு தாங்கும், அந்த மெல்லிய கீறல்கள் தாங்காது.

பக்கத்தில் கிரேக்கத்தின் டெலோஸ் தீவிலிருந்து வந்த இன்னொரு சிங்கமும் இருக்கிறதே, உடல் பழையது, தலை பிற்காலத்தில் ஒட்டியது. (அந்தத் தலை எனக்குப் பிடிக்கவே இல்லை.) அதன் கூடப்பிறந்தவை கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் நக்ஸோஸ் தீவுக்காரர்கள் அப்போலோ கடவுளின் தீவான டெலோஸுக்குக் கொடுத்த காணிக்கை. ஒட்டிய வயிறும் திறந்த வாயுமாக வரிசையில் உட்கார்ந்து புனித ஏரியைப் பார்த்தவை. தீவில் மிஞ்சியவற்றைக் கிரேக்கர்கள் 1999இல் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோய், வெளியே நகல்களை வைத்துவிட்டார்கள்.

அதையே நீங்களும் செய்யலாம். வாசல் வெறிச்சோடிவிடும் என்று பயப்பட வேண்டாம், நல்ல நகல் செய்ய வெனிஸில் ஆளில்லாமலா போய்விட்டது? அசல்களை உள்ளே ஒரு அறையில் வைத்து, ரூன்கள் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் விளக்குப் போட்டு, டிக்கெட் வேண்டுமானாலும் வையுங்கள், வாங்கிக்கொண்டு வருகிறோம்.