தாத்தாவின் சிவப்பு அட்டை

சுங்கை சிப்புட், மலேசியா,
12.12.2019

அன்பு மகள் கயல்விழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து செய்தி வந்து ஏழு வாரங்களாகின்றன. வேலை மிகுதியாக இருக்கும் என்று அம்மாவுக்கு நானே சமாதானம் சொல்லிவருகிறேன். மலாக்கா அத்தை போன வாரம் ஏதோ ஒரு விண்ணப்பப் பாரத்தைப் பற்றிச் சொன்னாள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. உன் கடப்பிதழையும், குடிமக்களுக்குத் தரும் நீல அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்.

தை மாதத்தில் தாத்தாவுக்கு முதலாண்டுத் திதி வருகிறது. நேற்று அவருடைய தகரப்பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். தோட்டத் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி கட்டிய ரசீதுகளை, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தியைச் சுற்றும் அதே பழைய கைலித் துணியில் மடித்து வைத்திருந்தார். துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பங்குக்கு 100 வெள்ளி சேர்க்க அவர் எத்தனை நாள் பசியாறாமல் வெட்டுக்காட்டுக்குப் போனாரோ தெரியாது. நிலத்தில் பங்கு வாங்கிய அந்த மனிதருக்கு இந்த நாட்டில் கடைசிவரை ஓட்டு இல்லை.

1937இல், 11 வயதில், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரஜூலா கப்பலில் பினாங்கில் வந்து இறங்கியவர் அவர். மறு ஆண்டே தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டதால், பின்னால் வருவதாக இருந்த அவருடைய தம்பி வரவேயில்லை. 40 ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டினார். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாகத்தான் வளரும் என்பதால், அவருடைய நிரையில் காயம்பட்ட மரத்தைக் காண முடியாது என்று மேற்பார்வை பார்க்கும் தண்டலே சொல்வார். உன் பட்டமளிப்புப் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பாசாரில் எல்லாரிடமும் காட்டியதும் அதே கைதான். அவருடைய காரியத்துக்கு வந்த நீ மூன்றே நாளில் திரும்பிவிட்டாய். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றபோது, முதல் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு மனுச் செய்தவர்களுக்கு மலாய்த் தேர்வு வேண்டியிருக்கவில்லை. அப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாரம் நிரப்பத் தெரிந்தவர் யாருமில்லை. நான் இரண்டு வயதுக் குழந்தை. அது யாருடைய குற்றமும் அன்று. பின்னால் நடந்தது என் குற்றம்.

நான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த பிறகு, குடியுரிமை மனுவுக்காகக் கூட வரும்படி தாத்தா என்னை அழைத்தார். மாதக் கடைசி, செக்ரோல் சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும் என்றேன். அது பொய். அந்த அலுவலகத்தில் என்னோடு படித்தவன் ஒருவன் இருந்தான்; ஒட்டுப்பால் வாடை போகாத தகப்பனாரோடு அவன் முன்னால் நிற்க வெட்கப்பட்டேன். அவர் தனியாகப் பஸ் ஏறிப் போனார். கேட்ட கேள்விகளுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாயில் பதில் சொல்லியிருக்கிறார். போதாது என்று அனுப்பிவிட்டார்கள். மாலையில் வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, "கூட்டமா இருந்துச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் மனுச் செய்யவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாட்டியைத் தமிழ்ப்பள்ளி வரை அழைத்துச் சென்று, அவர் ஓட்டுப் போட்டுத் திரும்பும்வரை தாத்தா வாசல் மழைமரத்தடியில் நின்றதை நீயும் சிறு வயதில் பார்த்திருக்கிறாய். அவர் ஏன் உள்ளே வரவில்லை என்று நீ என்னைக் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை.

எந்தப் பாரமானாலும் நன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு, அம்மா. இரண்டு நாட்டுக் குடியுரிமையை நம் நாடு ஒப்புக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் வாழ்க்கை உன்னுடையது, நான் தடுப்பதற்கில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை எனக்குப் போன் செய். நீல அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்.

இறப்பைப் பதியப் போனபோது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தரும் தாத்தாவின் சிவப்பு அட்டையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் கடையில் நகல் எடுத்து வைத்தேன். ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளை நகல், சிவப்பு தெரியாது. கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா