கடலைக் காணோமாம்

அன்புள்ள செல்வா,

திட்ட ஆரம்பிக்காதே, முதலில் படி. தீபாவளிக்கு நீ அனுப்பிய குரல்செய்தியை மூன்று முறை கேட்டேன். பதில் மட்டும் போடவில்லை. கதவைத் தட்ட ஒருவர், துண்டு கேட்டு ஒருவர், சுடுநீர் வரவில்லை என்று ஒருவர். இரவு பதினொன்றுக்குப் போனைக் கையில் எடுத்தால் நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். பெரியவன் தேசிய சேவையில். சனிக்கிழமை வந்து தூங்குகிறான், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறான். உன் பெர்த் கதையை இன்னொரு நாள் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு விருந்தாளி நம் விடுதிக்கு இணையத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார். அறை சுத்தமாம், காயா ரொட்டி பிரமாதமாம், உரிமையாளர் கனிவானவராம் (உன் சிரிப்பு இங்கே கேட்கிறது). கடைசி வரியில்தான் அடித்தார்: ‘பெயர் கடலோர இல்லம். கடலைக் காணோம்.’

அவர் சொன்னதில் பொய் இல்லையே! சிங்கப்பூர் ஜூ சியாட்டில் ஆறு அறை கொண்ட கடைவீடு. கடலுக்கு இருபது நிமிட நடை, அதிலும் விரைவுச்சாலைக்கு அடியில் சுரங்கப்பாதையில் புகுந்து வெளியே வர வேண்டும். படத்தில் அலையைப் பார்த்துவிட்டு வந்தவர் சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஏர்கான் பெட்டிதான் தெரியும். ஆனால் அப்பா அந்தப் பெயரை வைத்தபோது பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஈஸ்ட் கோஸ்ட் சாலையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் கால் நனையும். 1966இல் நிரப்பத் தொடங்கினார்கள். பிடோக், சிக்லாப் மேடுகளை வெட்டி, மண்ணை ஓடும் பட்டையில் ஏற்றிக் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். மரீன் பரேட் வீடுகள் முழுக்க அந்த மண்மேல்தான் நிற்கின்றன. நீயும் நானும் கோலி ஆடி, நீ அழுகுணி ஆட்டம் ஆடி என்னை ஏமாற்றிய இடம் அதற்கு முன் மீன் நீந்திய இடம். காத்தோங் பூங்காவில் மண்ணுக்கடியில் ஒரு கோட்டை கிடக்கிறதே, 1879இல் கட்டியது, அதுவும் கடலோரக் கோட்டைதான். அதற்கு எவரும் நட்சத்திரத்தைக் குறைக்கவில்லை.

கடல் இருந்தாலும் தொல்லைதான். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங்கில் இரண்டு கப்பல் மோதி 400 டன் எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். மறுநாள் காலை ஒரு தம்பதி கடற்கரைக்குப் போய்விட்டு வந்தார்கள். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, பாதமெல்லாம் கறுப்பாக, வாசலில் ஐந்தடி நடைபாதையில் குற்றவாளிகளைப் போல நின்றார்கள். சோப்புக்கு மசியவில்லை. சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தபோதுதான் கரைந்து வந்தது. குதிகால் வெடிப்பில் மட்டும் ஒரு கோடு தங்கிவிட்டது. என் வெள்ளைத் துண்டு நாலு குப்பைக்குப் போயிற்று. அந்த வாரம் மூன்று அறை ரத்து. அதே மாதம் 23ஆம் தேதி இந்தப் பக்கம் எம்ஆர்டி ரயில் திறந்தது, வியாபாரம் தப்பியது.

சரி, இதெல்லாம் முன்னுரை. தூக்கம் கெடுவது வேறு காரணத்தால். லாங் ஐலண்ட் திட்டம். இதைத் தமிழில் சொன்னால் நெடுந்தீவு, யாழ்ப்பாணத்துப் பக்கம் காட்டுக் குதிரை திரிகிற அதே தீவின் பெயர்! உன் அம்மம்மா இருந்திருந்தால் குதிரை எங்கே என்று கேட்டிருப்பார். ஈஸ்ட் கோஸ்டுக்கு எதிரே சுமார் 800 ஹெக்டர் நிலம் எழுப்பப் போகிறார்கள். 2023 நவம்பரில் சொன்னார்கள், இப்போது ஆய்வு நடக்கிறது, கட்டி முடிய பல பத்தாண்டுகள் ஆகும். புதுக்கரைக்கும் பழைய கரைக்கும் நடுவே நீர்த்தேக்கம் வரும். நல்ல தண்ணீர், செல்வா. நாம் வாயில் உப்பு கரிக்கக் கரிக்கக் குளித்த தண்ணீர் ஏரியாகிவிடும்.

நான் எதிர்க்கவில்லை. 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை ஏறலாம் என்கிறார்கள். இந்தப் பக்கம் தாழ்வான நிலம். பெருமழையும் ஏற்றமும் சேர்ந்து வந்தால் கீழ்த்தளத்தில் என் சலவை இயந்திரம்தான் முதலில் மிதக்கும். பேரன் பேத்தி இங்கே இருக்க வேண்டுமென்றால் யாராவது எதையாவது கட்டத்தான் வேண்டும். அது தெரிகிறது. தெரிந்தும் வயிற்றில் ஏதோ செய்கிறது. அப்பா ஒரு முறை கடலை இழந்தார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் செண்பக விநாயகரைக் கும்பிட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வராமல் தெற்கே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

உன் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, ‘பெயரை மாற்று, பிரச்சினை தீர்ந்தது’ என்றாள். நியாயம். நேற்று ஏணி போட்டு ஏறினேன், சுரண்டியும் கையில். பலகை அப்பா நீல பெயின்டில் தானே எழுதியது. ‘கடலோர’ என்பதில் ‘ட’வுக்கும் ‘லோ’வுக்கும் இடையே அளவு தப்பி, கடைசி ‘ர’வை ஓரத்தில் நசுக்கி வைத்திருக்கிறார். இத்தனை வருடம் கீழேயிருந்து பார்த்ததில் அது கண்ணில் படவே இல்லை. தூசியைத் துடைத்துவிட்டு இறங்கிவிட்டேன். இரண்டு நட்சத்திரக்காரருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. ‘இருபது நிமிட நடை’ என்று எழுதலாமா, ‘அறுபது வருடத் தூரம்’ என்று எழுதலாமா? நீதான் பள்ளியில் கட்டுரைப் பரிசு வாங்கியவன், ஒரு வரி சொல்.

டிசம்பரில் வருகிறாய்தானே? மூன்றாம் அறையை மறித்து வைக்கிறேன். ஏர்கான் சொட்டும், வாளி வைத்துத் தருகிறேன். லக்ஸா உன் செலவு, போன முறை பணப்பையை மறந்தவன் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

உன்,
மணி