பெட்டியில் பெயர் ஒட்டுவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இலங்கைத் தேயிலைக்கு அமெரிக்கா போட்ட வரி போய்விட்டது, இனிப் பயமில்லை என்று ஹட்டன் கடைவீதியிலும் பேசிக்கொள்கிறார்கள், கொழும்புக் கூட்டங்களிலும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2025இல் பட்டதையெல்லாம் மறந்து, மறுபடி பழைய மாதிரியே வேலையைத் தொடங்கிவிடுவோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஹட்டனுக்குப் பக்கத்தில் டிக்கோயாவில் ஒரு சிறிய தேயிலைப் பொதியிடும் கூடம் நடத்துகிறேன். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை சுருட்டும் ரோலரில் வேலை செய்தவர், அம்மா கொழுந்து எடுத்தவர். என்னோடு பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். மலையேற முடியாத வயதானவர்கள் நாலு பேர், மற்றவர்கள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைக்காரிகள். மேல்நாட்டில், அதாவது உயர்ந்த மலையில் விளைகிற, பி.ஓ.பி. என்ற சின்ன இலைத் தேயிலையை நூறு கிராம் பெட்டிகளில் அடைத்து, கொழும்பில் உள்ள ஒரு ஏற்றுமதியாளர் மூலமாக நியூ ஜெர்சியில் ஒருவருக்கும் டொரொண்டோவில் ஒருவருக்கும் அனுப்புகிறோம்.

2025 பெப்ரவரியில் நியூ ஜெர்சிக்காரருக்காக ஆறாயிரம் பெட்டி அச்சடித்தேன். அவருடைய கடைப்பெயர், முகவரி, அவுன்ஸ் கணக்கு எல்லாம் பெட்டியிலேயே. ஆறாயிரத்துக்குக் குறைந்து அடிக்க முடியாது என்று அச்சகத்தில் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 3ஆம் திகதி காலையில் அவரிடமிருந்து செய்தி வந்தது. இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி அறிவித்துவிட்டார்கள், எதையும் அனுப்ப வேண்டாம் என்று.

கணக்கைச் சொன்னால் விளங்கும். ஒரு பெட்டிக்கு எனக்குக் கிடைப்பது 2 டொலர். அதில் தேயிலை, பெட்டி, கூலி, லொறி, ஏற்றுமதியாளர் பங்கு எல்லாம் போக மிஞ்சுவது 22 சதம். 44 சதவீதம் என்றால் வரி மட்டும் 88 சதம். சட்டப்படி அதைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான். ஆனால் அவர் என்னிடம் பாதியைக் கேட்பார், கேட்டார். பாதி கொடுத்தால் பெட்டிக்கு 22 சதம் கையிலிருந்து போகும். கொடுக்காவிட்டால் அவர் கென்யாத் தேயிலை வாங்குவார். கென்யாவுக்கு அப்போது 10 சதவீதம்தான்.

அந்த 44 நடைமுறைக்கு வந்த ஏப்ரல் 9ஆம் திகதியே நிறுத்திவைக்கப்பட்டு 10 ஆனது. ஜூலையில் 30 என்று நம் அரசுக்குக் கடிதம் வந்தது. ஜூலை கடைசியில் 20 என்று முடிவாகி ஆகஸ்ட் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. நவம்பர் நடுவில் தேயிலை, கோப்பி, கறுவா, மிளகு போன்றவற்றுக்கு அந்த வரி எடுபட்டது. ஏழரை மாதத்துக்குள் ஐந்து எண்கள். நம்முடைய சரக்கோ கொழுந்திலிருந்து கடைத் தட்டுக்குப் போக மூன்று மாதத்துக்குக் குறையாது. ஸ்டோரில் காய்ந்து, கொழும்புக் களஞ்சியத்துக்குப் போய், செவ்வாய், புதன் ஏலத்துக்குக் காத்திருந்து, திரும்பி இங்கே வந்து பெட்டிக்குள் போய், பிறகு கப்பல். செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபின் கடல் நாட்களும் கூடிவிட்டன. அனுப்பும்போது ஒரு வரி, போய்ச் சேரும்போது வேறு வரி.

அந்த ஏப்ரலில்தான் என் தலையில் ஒன்று உறைத்தது. டொரொண்டோக்காரர் கூடுதலாக இரண்டாயிரம் பெட்டி கேட்டார். என்னிடம் தேயிலை இருந்தது. பெட்டியும் இருந்தது. அனுப்பத்தான் முடியவில்லை. பெட்டி முழுக்க இன்னொருவர் கடைப்பெயர். கனடாவுக்கு ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் எழுத வேண்டும், அதுவும் அதில் இல்லை. மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவைத்த அந்தப் பெட்டிகள் ஜூன் மழையில் அடிவரிசையிலிருந்து பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கின. மூலையைத் தொட்டால் அட்டை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆயிரத்து எண்ணூறு பெட்டியை எரித்தோம்.

அதைவிடக் கஷ்டம், சித்திரை வருடப் பிறப்புக்கு முன்னால் ஏழு பெண்களை வீட்டிலிருக்கச் சொன்னது. அதில் ஒருத்தி வாசலில் நின்று, "அமெரிக்காவுல வரி போட்டா நமக்கு ஏன் அக்கா வேல இல்ல?" என்று கேட்டாள். ஒழுங்காக ஒரு பதில் என்னிடம் இல்லை. வரி ஒரு காரணம்தான். பெட்டியை முன்கூட்டியே ஒருவருக்கென்று கட்டிப்போட்டது நான். அதற்கு விலை கொடுத்தது அவள்.

அதற்குப் பிறகு மாற்றினோம். இப்போது பெட்டியில் மலைப் படமும் எங்கள் கூடத்தின் பெயரும் மட்டும். பின்பக்கம் வெள்ளை. நாட்டுக்கு நாடு மாறுகிற எல்லாம் ஒரு ஸ்டிக்கரில்: அவுன்ஸ் வேண்டுமா, பிரெஞ்சு வேண்டுமா, யார் இறக்குமதி செய்கிறார் என்பதெல்லாம். ஸ்டிக்கரை ஹட்டனிலேயே ஐந்நூறு ஐந்நூறாக அடித்துக்கொள்கிறேன். லொறி புறப்படுவதற்கு இரண்டு நாளைக்கு முன்புதான் ஒட்டுகிறோம். ஒரு மரப்பலகையில் எல் வடிவத்தில் இரண்டு சட்டம் அறைந்து வைத்திருக்கிறோம். பெட்டியை அந்த மூலையில் தள்ளி, ஸ்டிக்கரின் மேல் ஓரத்தைச் சட்டத்தோடு சேர்த்து, பழைய பிளாஸ்டிக் அடிமட்டத்தால் ஒரே இழுப்பு. காற்றுக் குமிழ் வராது, கோணாது. வயதான நாலு பேரும்தான் இதில் கைதேர்ந்தவர்கள். பெட்டிக்கு நாலு ரூபாய் கூடுதல் செலவுதான். அந்தச் செலவை நான் வீண் என்று நினைக்கவில்லை.

தேயிலையையும் முழுவதும் பெட்டியில் அடைப்பதில்லை. பாதி, உள்ளே தாள் பூச்சுள்ள சாக்குகளில், தரையிலிருந்து ஓரடி உயர மரத்தட்டில் கிடக்கும். டிக்கோயாப் பனியில் தேயிலை ஈரம் இழுத்தால் வாசம் போய்விடும். அதனால் அதற்குமேல் இங்கே வைத்திருக்க எனக்குத் தைரியமில்லை. மூன்றில் ஒரு பங்கு கொழும்புக்குப் பக்கத்தில் இன்னொருவருடைய களஞ்சியத்தில் வாடகைக்கு இருக்கிறது.

இது ஆகஸ்டில் கை கொடுத்தது. 20 சதவீதம் என்று தெரிந்ததும் ஏற்றுமதியாளர் ஒரு விவரம் சொன்னார். ஆகஸ்ட் 7க்கு முன் கப்பலில் ஏறி, ஒக்டோபர் 5க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிந்தால் பழைய 10 சதவீதம்தான். வெள்ளிக்கிழமை கேட்டேன். அன்றிரவு எல்லாரும் இருந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். சனிக்கிழமை மத்தியானம் லொறி கினிகத்தேனை, கித்துல்கல வழியாக இறங்கியது. கப்பல் 5ஆம் திகதி புறப்பட்டது. பழைய அச்சுப்பெட்டி முறையாக இருந்தால் அந்த இரண்டு நாளில் நான் அச்சகத்துக்கு ஃபோன் பண்ணிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

சந்தையை மாற்றுங்கள், அமெரிக்காவையே நம்பாதீர்கள் என்று கூட்டங்களில் சொல்வார்கள். சரி, நல்ல யோசனைதான். ஆனால் சொல்கிறவர்கள் தேயிலையை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். ஈராக், துருக்கி, லிபியாக்காரர்கள் விரும்புவது தாழ்நாட்டில் விளைகிற, நீண்டு சுருண்ட பெரிய இலை. காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தேயிலை அது. எங்கள் மேல்நாட்டு ஸ்டோர்கள் பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்று சின்ன இலைக்கென்றே அமைந்தவை. துருக்கியோ தேயிலைக்கு 145 சதவீதம் இறக்குமதி வரி போடுகிற நாடு. நாளைக்கே பாக்தாத்துக்குத் திருப்பு என்றால் எப்படி? எங்களுக்கு மாற்று என்பது பிரித்தானியா, ஜேர்மனி, ஜப்பான், அவுஸ்திரேலியா, கனடா. அங்கே தடையாக இருப்பது வரியல்ல, தேயிலையில் தங்கும் மருந்தின் எச்சம். ஜப்பான் ஒரு களைநாசினிக்கு வைத்திருக்கிற அளவு வேறு, ஐரோப்பா வைத்திருக்கிற அளவு வேறு. ஆக, நினைத்த நேரத்தில் நாட்டை மாற்றக்கூடிய தேயிலை வேண்டுமென்றால் அது மலையிலேயே, களைக்கு மருந்தடிக்கிற இடத்திலேயே தொடங்குகிறது. நான் இப்போது கடுமையான அளவுக்குப் பரிசோதித்த சரக்கை மட்டும் வாங்குகிறேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் போகிறது.

இன்னொரு யோசனையும் சொன்னார்கள். டுபாய்க்கு அனுப்பி அங்கே பொதியிட்டு அமெரிக்காவுக்கு விட்டால் 10 சதவீதம்தானாம். தயவுசெய்து யாரும் இதில் இறங்க வேண்டாம். தேயிலை எங்கே விளைந்ததோ அதுதான் அதன் நாடு, பெட்டி மாறினால் நாடு மாறாது. வரியிலிருந்து தப்ப வேறு நாடு வழியாக அனுப்பியதாகக் கண்டுபிடித்தால் 40 சதவீதம் என்று, 20 சதவீதம் போட்ட அதே ஆணையிலேயே எழுதியிருந்தது. போதாததற்கு, இங்கே பொதியிட்ட தூய இலங்கைத் தேயிலைக்கு மட்டும்தான் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம். பெட்டி கட்டுகிற கூலியும் நம் பெண்களிடமிருந்து டுபாய்க்குப் போய்விடும்.

வரி மட்டுமல்ல, கதவு எப்படியும் அடைபடும். 2017 டிசம்பரில் ஒரு சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையையே நிறுத்திவைத்தது. பெரிய வாங்குநர் ஒருவர் ஒரே நாளில் இல்லாமல் போனார். சில நாட்களில் சரியானது, ஆனால் அதற்குள் நம் நாடு, ரஷ்யா விற்கிற அஸ்பெஸ்டஸுக்குப் போடவிருந்த தடையைத் தள்ளிப்போட வேண்டி வந்தது. 2021இல் இரசாயன உரத்தைத் தடுத்தபோது அடி உள்ளேயிருந்தே வந்தது. அந்த வருடம் ஏறக்குறைய 300 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த வருடம் 250 மில்லியனுக்கு இறங்கியது.

கடைசியாக நவம்பர். வரி போய்விட்டதென்று செய்தி வந்து இரண்டு வாரத்துக்குள் டித்வா புயல். மண் சரிந்து எத்தனையோ உயிர் போனது. எங்கள் பக்கத்து லயங்களிலிருந்தும், தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்தும், ஆட்கள் பாடசாலையில் தங்கினார்கள். ரயில் பாதை போனது, வீதிகள் அடைபட்டன. அந்த நாட்களில் வியாபாரத்தைப் பற்றி யோசிக்கவே மனமில்லை. ஆனால் கொழும்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த மூன்றில் ஒரு பங்கு இருந்ததால் டிசம்பர் கப்பல் தப்பியது. ஏற்றுமதியாளரின் ஆட்களே அங்கே ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்தக் காசில்தான் பதினொரு பேருக்கும் வேலை செய்யாத நாட்களுக்கும் கொடுத்தேன்.

நான் கேட்பது இதுதான். தோட்டத் தொழிலாளருக்கு 2026 ஜனவரியிலிருந்து நாளுக்கு 1,750 ரூபாய் என்றிருக்கிறது. ஓடர் நின்றால் நாளே இல்லை, 1,750ஐ எதோடு பெருக்குவது? சின்னக் கூடங்களுக்கு அந்தப் பேச்சும் இல்லை. கட்டுநாயக்கவில் தைக்கிற நம் பிள்ளைகளுக்கும் இதே கதை. நம் ஆடை ஏற்றுமதியில் ஏறக்குறைய 40 சதவீதம் அமெரிக்காவுக்குத்தான், அதற்கு அந்த 20 சதவீதம் 2025 நவம்பரில் எடுபடவில்லை. வாங்குநருடன் ஒப்பந்தம் எழுதும்போது வரி மாறினால் யார் எவ்வளவு சுமப்பது என்று ஒரு வாசகம் சேர்க்க வேண்டும். நான் இப்போது சேர்த்திருக்கிறேன்: 10 சதவீதம் வரை பாதிப் பாதி, அதற்கு மேல் இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை சரக்கு சாக்கிலேயே இருக்கும், அதுவரை களஞ்சிய வாடகையில் பாதி அவருடையது. நியூ ஜெர்சிக்காரர் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒப்புக்கொண்டார்.

என்னைப் போன்ற நாலைந்து பேர் சேர்ந்தால் அவிசாவளைப் பக்கத்தில் ஒரு பொதுக் களஞ்சியம் எடுக்கலாம். தனித்தனியாக வாடகை கட்டுவதைவிடப் பாதிதான் ஆகும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்படித் தொழில் செய்கிறவர்கள் இருந்தால் உங்கள் பத்திரிகை மூலம் என்னோடு தொடர்புகொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரி மாற்றங்களைப் பற்றிய அறிவித்தல்கள் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வருகின்றன, அதுவும் பிந்தி வருகின்றன. ஆகஸ்ட் 7 என்ற அந்த ஒரு திகதி என் ஏற்றுமதியாளர் நல்லவராக இருந்ததால் எனக்குத் தெரிந்தது. தெரியாமல் போனவர்கள் எங்கள் மலையிலேயே இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள், ஏலம் முடிந்த மறுநாள் வியாழக்கிழமை, ஒரு சின்னக் கட்டம் போதும்: அந்த வார ஏல விலை, டொலர், எந்த நாட்டில் எந்தப் பொருளுக்கு வரி எப்போது மாறுகிறது, எந்தத் திகதிக்குள் கப்பலேற்ற வேண்டும். நல்ல தமிழில், தொகை திகதியோடு. முதல் சில வாரத்துக்கு விவரம் சேர்த்துத் தர நான் தயார். என் முகவரியைத் தனியாக எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டிக்கோயா.