பிரித்துப் பார்க்கும் முன் கையெழுத்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் உப்புவெளியில் இருந்து சோலார் பூட்டிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். வீட்டுக் கூரை, தோட்டக் கிணறு, கடற்கரைப் பக்கத்து விடுதி என்று வேலைக்குக் குறைவில்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் போனதே, அதற்குப் பிறகு சோலார் பற்றிக் கேட்காத ஆள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. கேட்பவர்கள் கூடக் கூட, உடைந்து வந்து இறங்கும் பனலும் கூடிக்கொண்டே போகிறது. போன மாதம் கும்புறுப்பிட்டியில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெங்காயம் செய்கிற ஒரு ஐயா, மண்ணெண்ணெய்ப் பம்புக்கு ஊற்றி ஊற்றிக் களைத்துப்போய், கிணற்றுக்கு சோலார் பம்ப் போட முடிவெடுத்து, கொழும்பில் ஒரு கடைக்கு ஆறு பனலுக்கான காசை நேரே கட்டியிருந்தார். பூட்டுவது மட்டும்தான் என் வேலை. நான் போனபோது பனல்கள் வந்து இறங்கி மாமரத்தில் சாய்ந்திருந்தன, எல்லாம் மட்டை சுற்றியபடியே. ஐந்தைத் தூக்கி வைத்தோம், பிழையில்லை. ஆறாவதைத் தூக்கும்போது நடுப்பகுதி நனைந்த பாய் மாதிரித் தொய்ந்தது. மட்டையைப் பிரித்தால் இந்த மூலையில் இருந்து அந்த மூலை வரை கற்கண்டை உடைத்துப் பரப்பியது போல் கண்ணாடி முழுவதும் நொறுங்கியிருந்தது, உள்ளே ஒட்டியிருக்கிற படலம் பிடித்துக்கொண்டிருந்ததால்தான் கீழே கொட்டவில்லை. கீழ் மூலையில் அலுமினியச் சட்டம் ஒரு விரல் அகலத்துக்கு அமுங்கியிருந்தது, அந்தப் பள்ளத்துக்குள் சீமெந்துத் தூள். என்னத்தோடு சேர்த்து ஏற்றி வந்தார்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஐயா ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று சிங்களத்தில் அச்சடித்து, கீழே அவருடைய கையெழுத்து. "கிளீனர் பெடியன், கெதியாப் போடுங்கோ ஐயா, இன்னும் புல்மோட்டைக்குப் போக வேணும் எண்டான். போட்டிட்டன் தம்பி" என்றார். அவருக்கு சிங்களம் வாசிக்கத் தெரியாது.

கடைக்குப் போன் எடுத்தேன். லொறியில் ஏற்றியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்றார்கள். லொறிக்காரருக்கு எடுத்தேன், கையெழுத்து இருக்கிறதே என்றார். சரி, 25 வருட வொறன்டி என்று சொல்லித்தானே விற்றீர்கள் என்று திரும்பவும் கடையைக் கேட்டால், ஏற்றி இறக்குவதில் உடைந்தால் வொறன்டி இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான், எந்தக் கம்பனியின் வொறன்டித் தாளிலும் அப்படித்தான் இருக்கும். அந்த 25 வருடம் பனல் எவ்வளவு கரண்ட் தரும் என்பதற்கான உறுதி. பனலின் செய்நேர்த்திக்குத் தருவது பெரும்பாலும் 10 அல்லது 12 வருடம். வாங்கும்போது இதை யார் விளங்கப்படுத்துகிறார்கள்?

இந்தப் பனல்கள் சீனாவில் இருந்து கப்பலில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வருகின்றன, பெரும்பாலும் உடையாமல்தான் வருகின்றன. காரணம், தொழிற்சாலையில் 31 அல்லது 36 பனலை ஒரு பலட்டில், அதாவது ஒரு மரத்தட்டில், நிமிர்த்தி அடுக்கி, மூலைக்கு மூலை பாதுகாப்பு வைத்து, இறுக்கிக் கட்டி விடுகிறார்கள். கொழும்பில் அந்தப் பலட்டைப் பிரித்து நாலு, ஆறு என்று சில்லறையாக விற்கத் தொடங்கும் இடத்தில்தான் அழிவு தொடங்குகிறது. அங்கிருந்து திருகோணமலைக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குப் பனலைப் படுக்கப் போட்டு, மேலே சாமான் ஏற்றி, சாமான் ஏற்றி இறக்கும் நாட்டாமைமார் அதன் மேல் ஏறி நின்று கயிறு இழுத்துக் கட்டி அனுப்புகிறார்கள். இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் யானை குறுக்கே வந்தால் சாரதி பிரேக் அடிக்கத்தான் வேண்டும், அந்த ஒரு குலுக்கு எல்லாவற்றையும் முடித்துவிடும். லொறிக்காரரை மட்டும் ஏச எனக்கு மனம் வரவில்லை. எப்படி ஏற்ற வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

550 வாட் பனல் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ, ஆளை விட உயரம், முகத்தில் 3.2 மில்லிமீற்றர் பதப்படுத்திய கண்ணாடி. ஆலங்கட்டி மழை முகத்தில் பட்டாலும் தாங்கும், ஆனால் ஓரம் எதிலாவது மோதினால் முழுக்க நொறுங்கிப் போகும். கண்ணாடி நொறுங்கினால் கண்ணுக்காவது தெரியும். எனக்கு அதைவிடப் பயம், நொறுங்காமல் வந்து சேரும் பனல்தான். உள்ளே வெயிலைக் கரண்டாக்குகிற சிலிக்கன் செல்லின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் கூட இல்லை, ஒரு ஆள் மேலே ஏறி நின்றால் கண்ணாடி வளைந்து திரும்பிவிடும், செல்லில் வெடிப்பு விழுந்துவிடும். வெளியில் கீறல் கூட இருக்காது. மீற்றரை வைத்தால் 49, 50 வோல்ட் என்று சுத்தமாகக் காட்டும். பனலுக்குள் கரண்ட் விட்டு இருட்டில் விசேட கமராவால் படம் எடுத்தால்தான் வெடிப்புத் தெரியும், அந்தக் கமராவுக்கு என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து, வெடித்த செல் சூடேறிப் பின்பக்கம் கருகின பிறகுதான் "தம்பி, முந்தி மாதிரித் தண்ணி ஏறுதில்லை" என்று போன் வரும். பனல்களைத் தொடராகக் கோர்த்திருக்கும்போது ஒன்று சோர்ந்தால் மற்றவற்றையும் அது இழுத்துப் பிடிக்கும்.

கடைக்காரர் கடைசியில் சொன்னது இதுதான்: "கண்ணாடிதானே வெடிச்சிருக்கு, கரண்ட் வருதுதானே, கொஞ்சம் காசு கழிச்சுத் தாறம், பூட்டிவிடுங்கோ." நான் பூட்டவில்லை, பூட்டவும் மாட்டேன். வெடித்த கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கும், எங்கள் பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்தால் சட்டத்திலேயே கரண்ட் கசியும். ஆறு பனலைத் தொடராகக் கோர்த்தால் 300 வோல்ட்டுக்குக் கிட்ட வரும், அதுவும் நேர்மின்னோட்டம், வெயில் இருக்கிற வரைக்கும் நிற்பாட்ட முடியாது. பாத்தியில் தண்ணீர் நிற்க வெறுங்காலோடு ஐயாவின் மகளும் மருமகனும் வேலை செய்கிற இடம் அது. கழிவு விலைக்குக் கிடைக்கிறது என்று வெடித்த பனலை வாங்கிக் கிணற்றடியில் போடுகிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம்.

சம்பூரில் 120 மெகாவாட் சோலார் நிலையம் வருகிறது. அந்த மாதிரி இடங்களுக்குப் பனல் பலட்டோடு வரும், இறக்க இயந்திரம் இருக்கும், ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எடுக்க ஆட்கள் இருப்பார்கள். ஆறு பனல் வாங்குகிற வெங்காயக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்திலேயே, விற்பவர் பொருளின் தன்மையைப் பார்த்து அதற்கேற்ற மாதிரித்தான் ஏற்றி அனுப்ப ஒழுங்கு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. ஆகவே லொறியில் ஏற்றியதோடு முடிந்தது என்று கடைக்காரர் கையைக் கழுவ முடியாது. கண்ணாடிப் பொருளைச் சீமெந்தோடு அனுப்பியது எந்தக் கணக்கில் சேரும்?

கடைக்காரர்கள் பனலை நிமிர்த்தி, இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் கட்டி, மூலைக்கு ரெஜிபோம் வைத்து அனுப்புங்கள், அதற்கான காசை வெளிப்படையாகவே பில்லில் போடுங்கள், ஆட்கள் கொடுப்பார்கள். லொறிக்காரர்கள் மட்டையைப் பிரித்துக் காட்டும் வரைக்கும் கையெழுத்துக் கேட்காதீர்கள், ஆறு பனலைப் பிரித்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். அந்தத் துண்டைத் தமிழிலும் அச்சடியுங்கள். வாங்குகிறவர்கள், அவசரப்படுத்தினால் "பிரித்துப் பார்க்கவில்லை" என்று உங்கள் கையாலேயே தமிழில் எழுதி அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள், லொறியில் இருக்கும்போதே போனில் படம் எடுங்கள். பிறகும் கடை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம், நானும் ஐயாவும் முறையிட்டிருக்கிறோம்.

அப்புறம், திருகோணமலையில் என்னைப் போல் பூட்டுகிற நாலைந்து பேர் சேர்ந்தால் முழுப் பலட்டாகவே இறக்கி, இங்கிருந்து மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் குச்சவெளிக்கும் சின்ன லொறியில் நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கு நான் தயார் என்று இந்தக் கடிதம் மூலம் சொல்லி வைக்கிறேன்.

கும்புறுப்பிட்டி ஐயாவின் பம்ப் இப்போது ஐந்து பனலில்தான் ஓடுகிறது. காலையில் பத்து மணி தாண்டினால்தான் தண்ணீர் ஏறுகிறது, பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் நின்றுவிடுகிறது. ஆறாவது பனல் முகம் குப்புற, சாக்குப் போட்டு மூடி, அதே மாமரத்தடியில் கிடக்கிறது.

இப்படிக்கு,
சோலார் பூட்டும் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.