இடுப்புக்கு ஒரு சும்மாடு

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று.

நீ அனுப்பிய சாமான் பட்டியலை மூன்று தடவை படித்தேன். கொலராடோ மலையில் பத்தாயிரம் அடிக்கு மேலே ஐந்து நாள் தங்கி எல்க் மான் வேட்டை. அம்மாவிடம் மலையேறப் போகிறாய் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கி விஷயத்தை நீயே சொல்லிக்கொள். கோடியக்கரையில் வெளிமானைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள் அவள். எனக்கும் முழுசாக மனசு ஒப்பவில்லை. அங்கே லைசென்ஸ் கொடுத்து, கணக்கு வைத்துத்தான் சுட விடுகிறார்கள் என்கிறாய். சரி, போ. மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படத்தான் அந்த ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியும், அவற்றை மட்டும் கழற்றாதே.

பையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். 20 கிலோ வருகிறது, தோள் வலிக்கிறது என்றாயே. 40 கிலோ நெல் மூட்டை தூக்கினவன் சொல்கிறேன், தலையில் துணியைச் சுருட்டி வைக்கிற சும்மாடு சரியாக உட்கார்ந்தால் பாதிக் கனம் தெரியாது. உன் பைக்கு இடுப்புப் பட்டைதான் சும்மாடு. அது இடுப்பெலும்பின் மேல் ஏறி இறுக வேண்டும். தோள் வார் பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். கனமான சாமானை முதுகை ஒட்டி வை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு அரிசி மூட்டையை உள்ளே வைத்து, உன் அபார்ட்மென்ட் மாடிப்படியில் பத்து தடவை ஏறி இறங்கு.

திரும்பி வரும் கணக்கு உன் பட்டியலில் இல்லையே. பெரிய எல்க் என்றால் எலும்பை நீக்கினாலும் 80, 90 கிலோ கறி என்று நீதான் சொன்னாய். அதை எத்தனை நடையில் இறக்குவீர்கள்? கூட வருகிறவனிடம் இப்போதே பேசி வை.

அப்புறம் படுக்கை. 2018 நவம்பரில் கஜா புயல் வீட்டுக் கூரையைக் கொண்டுபோன பிறகு நாங்கள் தார்ப்பாய்க்குக் கீழே படுத்தோம். நீ அப்போது ஹாஸ்டலில். அம்மாவுக்கு இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஈரத்தரை கீழேயிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. ஒரு முழத்துக்கு வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோரைப்பாயைப் போட்ட அப்புறம்தான் தூங்கினாள். நீ வாத்து இறகு வைத்த தூக்கப்பைக்குக் கொள்ளைக் காசு கொடுத்துவிட்டு, அடியில் விரிக்க அட்டை மாதிரி ஒன்றை வாங்கியிருக்கிறாய். உடம்புக்கு அடியில் நசுங்கின இறகு சூடு தராது. நல்ல தடிமனான மெத்தையாக மாற்று. இறகு நனைந்தாலும் போச்சு. பிளாஸ்டிக் பையில் சுற்றி வை.

தண்ணீர் ஃபில்டர் ஒரு தடவை உறைந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது என்றாயே. ராத்திரி அதையும் தூக்கப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு படு.

சாப்பாட்டுக்கு அரிசி வேண்டாம். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகாமல் நறுக்கரிசியாக நிற்கும், கேஸ்தான் வீணாகும். அம்மா 2 கிலோ அவலும் புளிக்காய்ச்சலும் அனுப்புகிறாள். அவல் பச்சைத்தண்ணீரிலேயே ஊறும். அடுப்பைக் கூடாரத்துக்குள் பற்றவைக்காதே, குளிர் எவ்வளவு இருந்தாலும்.

பையை மாட்டிக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. முகம் வேண்டாம், இடுப்புப் பட்டை தெரிகிற மாதிரி பக்கவாட்டில் எடு.

இப்படிக்கு,
அப்பா